கத்தி எடுக்குமுன் ஒரு கேள்வி

சத்திரசிகிச்சைக் கூடத்து மேசையிலே கிடத்தப்பட்ட மனிதனைப் போல் ஆதரவற்ற மனிதன் உலகில் வேறொருவன் இல்லை. மந்திரியாயினும் சரி, மண்வெட்டி பிடிப்பவனாயினும் சரி, மயக்க மருந்து உடலில் ஏறிய சில விநாடிகளில் அவன் நா அடங்கிவிடுகின்றது. "நோய் என் வலது காலிலன்றோ, இடது காலை ஏன் துடைக்கிறீர்கள்?" என்று கேட்க அவனால் இயலாது. "பென்சிலின் எனக்கு ஒவ்வாது" என்று எச்சரிக்கவும் இயலாது. அவ்வேளையில் அவனுக்காகப் பேச வேண்டியவர்கள் அவனைச் சூழ்ந்து நிற்பவர்களே. அவர்கள் பேசுகின்றார்களா? பேசுவதற்கு அவர்களுக்கு உரிமை உண்டா? அவன் மயங்குமுன் அவனிடம் கேட்க வேண்டியவற்றை அவனுக்கு விளங்கும் மொழியிற் கேட்டார்களா? இக்கேள்விகளுக்குக் கிடைக்கும் விடைகளிலேயே பல வேளைகளில் ஓர் உயிர் தங்கியிருக்கின்றது.

இதனை உணர்ச்சி மேலீட்டால் எழுதிய வார்த்தை என எவரும் கருத வேண்டாம். பல தேசங்களில் நடந்த ஆராய்ச்சிகள் எண்களைக் கொண்டு நிறுவ முயன்றிருக்கும் உண்மை இது. அவ்வாராய்ச்சிகளை நமது வைத்தியர்கள் அறிவர். ஆனால் ஆஸ்பத்திரி வாசலிலே பாயும் போத்தலும் ஏந்திக் காத்திருக்கும் மக்கள் அறியார். மக்கள் அறியாத உண்மை மக்களுக்கு உதவுவதில்லை. ஆகவே அதனை இங்கே எடுத்துரைப்பது நமது கடமையாகின்றது.

பத்தொன்பது வினாக்கள்

உலகில் ஆண்டுதோறும் 30 கோடிக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் நடைபெறுகின்றன. சத்திரசிகிச்சைக்குப் பின் 30 நாட்களுக்குள் இறப்போர் தொகை ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 42 இலட்சம் என 2019ஆம் ஆண்டில் வெளியான மதிப்பீடொன்று கூறிற்று. இவர்கள் அனைவரும் வைத்தியரின் தவறினால் மாண்டவர்கள் என்று சொல்வது பெரும் அநியாயமாகும். நோய் முற்றி மாண்டவர் உளர். காலந்தாழ்த்தி வந்து மாண்டவர் உளர். ஆயினும், கேட்க வேண்டிய ஒரு கேள்வியை எவரும் கேளாமையால் மாண்டவரும் அவர்களிடையே உளர். அந்தக் கடைசிக் கூட்டத்தாரைப் பற்றியே நாம் இன்று பேசுகின்றோம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2008ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. பொஸ்டன் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் அத்துல் கவான்டே தலைமையில் ஆக்கப்பட்ட அந்தப் பட்டியல் ஒரே ஒரு தாளில் அடங்கும். அதிலுள்ளவை 19 விடயங்கள். சத்திரசிகிச்சையின்போது மூன்று இடங்களில் எல்லோரும் கை நிறுத்தி, அவற்றை வாய்விட்டுக் கேட்டு, வாய்விட்டே விடை கூறவேண்டும் என்பது விதி.

மயக்க மருந்து கொடுக்குமுன் முதல் நிறுத்தம். நோயாளியே தம் பெயரையும், தமக்கு நடக்கவிருக்கும் சிகிச்சையையும், அது நடக்கும் இடத்தையும் சொல்லி, சம்மதத்தையும் உறுதிசெய்ய வேண்டும். ஒவ்வாத மருந்து உண்டா, விரல் நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள ஒட்சிசனைக் காட்டும் கருவி இயங்குகின்றதா, அதிக இரத்தம் போகும் அபாயம் உண்டா என்பன அடுத்த வினாக்கள். தோலிற் கத்தி படுமுன் இரண்டாவது நிறுத்தம். கூடத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் தம் பெயரையும் தம் பணியையும் சொல்ல வேண்டும். கடந்த 60 நிமிடங்களுக்குள் கிருமிகொல்லி மருந்து கொடுக்கப்பட்டதா என்று கேட்கவேண்டும். எந்த இடத்தில் ஆபத்து நேரலாம் என்பதைச் சத்திரசிகிச்சை வைத்தியர், மயக்க மருந்து வைத்தியர், தாதி ஆகிய மூவரும் தத்தம் நோக்கில் முன்கூட்டியே சொல்லவேண்டும். நோயாளியைக் கூடத்திலிருந்து வெளியே கொண்டுசெல்லுமுன் மூன்றாவது நிறுத்தம். ஊசிகளும் கருவிகளும் இரத்தம் ஒற்றும் துணிகளும் எண்ணிக்கையில் சரியா, வெட்டியெடுத்த தசைத்துண்டின்மேல் நோயாளியின் பெயர் சரியாக எழுதப்பட்டதா என்பன அப்போது கேட்கப்படும்.

இவ்வளவுதான். புதிய மருந்து ஒன்றுமில்லை. கோடிக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் யந்திரமும் ஒன்றுமில்லை.

இப்பட்டியலின் பயன் எட்டு நகரங்களில் சோதிக்கப்பட்டது. ரொறன்ரோ, சியாட்டில், லண்டன், ஓக்லாந்து என்னும் செல்வ நகரங்கள் நான்கு. அம்மான், புதுடில்லி, மணிலா, தன்சானியாவின் இபகாரா என்னும் வசதி குறைந்த இடங்கள் நான்கு. 2007 ஒக்டோபர் தொடக்கம் 2008 செப்டெம்பர் வரை, பட்டியல் வருமுன் 3,733 நோயாளரும் வந்தபின் 3,955 நோயாளரும் கவனிக்கப்பட்டனர். முடிவுகள் 2009 ஜனவரியில் வெளியாயின. பட்டியலுக்கு முன் நூற்றுக்கு 1.5 ஆக இருந்த மரணம் 0.8 ஆகக் குறைந்தது. கடுமையான சிக்கல்கள் நூற்றுக்கு 11 இலிருந்து 7 ஆகக் குறைந்தன. வசதி குறைந்த நான்கு இடங்களில் மட்டும் பார்த்தால், மரணம் நூற்றுக்கு 2.1 இலிருந்து 1 ஆயிற்று. ஏழை நாடுகளே அதிக பயனடைந்தன என்பதை நமது வாசகர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

மறதிக்கு மருந்து

"கற்றறிந்த வைத்தியருக்கு, சமையற்காரனுக்குக் கடைச்சாமான் துண்டு எழுதிக் கொடுப்பதுபோல் எழுதிக் கொடுப்பதா?" என்று வெகுண்டெழுந்தவர்கள் உண்டு. அந்தக் கோபத்தில் ஒரு பிழை இருக்கின்றது. பட்டியல் அறியாமைக்கு மருந்தன்று. அறிவு நிறைந்தவர்களையும் பற்றும் மறதிக்கே அது மருந்து.

1935ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்து விமானத் திடலொன்றில் போயிங் கம்பனியின் புதிய பெரிய விமானம் ஒன்று சோதனைக்காக மேலெழுந்தது. அதனைச் செலுத்தியவர் அனுபவத்தில் முதிர்ந்த இராணுவ விமானி. எழுந்த சிறிது நேரத்தில் விமானம் விழுந்து எரிந்தது. இருவர் உயிரிழந்தனர். விசாரித்தபோது யந்திரத்தில் ஒரு பழுதும் இல்லை எனத் தெரிந்தது. தரையில் நிற்கும்போது காற்று அசைக்காதபடி வாலின் கட்டுப்பாட்டுத் தகடுகளைப் பூட்டிவைக்கும் ஒரு பூட்டைத் திறக்க மறந்துவிட்டார்கள். ஒரு மனிதனின் நினைவுக்கு அடங்காத அளவுக்கு விமானம் சிக்கலாகிவிட்டது என்பதை விமானிகள் உணர்ந்தார்கள். மேலெழுமுன் ஒவ்வொன்றாக வாசித்துச் சரிபார்க்கும் பட்டியலை அவர்களே எழுதிக்கொண்டார்கள். அன்றுதொட்டு இன்றுவரை எந்த விமானியும் அதனைத் தமக்கு இழுக்கென்று எண்ணுவதில்லை.

மறதியின் விலையைச் சத்திரசிகிச்சையிலும் கணக்கிட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சோல்ட் லேக் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 2,847 நோயாளரை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். கத்தி படுவதற்கு முந்திய இரண்டு மணித்தியாலங்களுக்குள் கிருமிகொல்லி மருந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 0.6 பேருக்கே காயத்திற் கிருமி தொற்றிற்று. அதற்கும் முந்திப் பெற்றவர்களில் இத்தொகை 3.8. சத்திரசிகிச்சைக்குப்பின் நெடுநேரங் கழித்துப் பெற்றவர்களில் 3.3. மருந்து ஒன்றே, நேரந்தான் வேறு. குடலைப் பருவத்தில் பாய்ச்ச வேண்டிய தண்ணீரை அறுவடைக்குப்பின் பாய்ச்சினால் விளைவது என்னவென்று நமது கமக்காரருக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. எட்டு நகரங்களின் ஆராய்ச்சியில், உரிய நேரத்தில் அம்மருந்தைப் பெற்றவர் தொகை பட்டியலுக்கு முன் நூற்றுக்கு 56 மட்டுமே. பின்னர் அது 83 ஆயிற்று. வைத்தியர்கள் புதிதாக எதையும் கற்கவில்லை. கற்றதை மறவாதிருக்க ஒரு வழி கிடைத்தது.

தாள் மட்டும் காக்குமா?

இனி, மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். நமக்கு விருப்பமான முடிவை மட்டும் சொல்லி, விருப்பமில்லாததை மறைப்பது பத்திரிகைக்கும் அழகன்று, ஆராய்ச்சிக்கும் அழகன்று.

எட்டு நகரங்களின் ஆராய்ச்சி முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சி. ஆராய்கிறார்கள் என்று தெரிந்ததாலேயே மக்கள் கவனமாக வேலை செய்திருக்கக் கூடும் என்று சிலர் ஐயுற்றனர். ஐயம் நியாயமானதே. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2010ஆம் ஆண்டில், ஆஸ்பத்திரிகள் பட்டியலை எவ்வளவு தூரம் கைக்கொள்கின்றன என்று அறிக்கையிட வேண்டுமெனக் கட்டளையிட்டது. 101 ஆஸ்பத்திரிகளில், பட்டியல் வருவதற்கு முந்திய மூன்று மாதங்களும் வந்தபின் மூன்று மாதங்களும் ஒப்பிடப்பட்டன. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட சத்திரசிகிச்சைகள் கணக்கிலெடுக்கப்பட்டன. 2014இல் வெளியான முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. மரணம் நூற்றுக்கு 0.71 இலிருந்து 0.65 ஆயிற்று. சிக்கல்கள் 3.86 இலிருந்து 3.82 ஆயின. இவ்வளவு சிறிய வேறுபாட்டைத் தற்செயலென்றே கொள்ளவேண்டும். ஆயினும் ஆஸ்பத்திரிகள் அனுப்பிய அறிக்கைகளிலோ, பட்டியல் ஏறக்குறைய முழுமையாகவே கைக்கொள்ளப்பட்டதாகக் கண்டிருந்தது!

அப்படியாயின் பட்டியல் பயனற்றதா? அவ்வாறு தீர்ப்பளிக்குமுன் வேறு மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். நெதர்லாந்தில், நோயாளி விடுதிக்கு வந்தது முதல் வீடு திரும்பும்வரை தொடரும் விரிவான பட்டியலொன்று கைக்கொள்ளப்பட்டது. 2010இல் வெளியான முடிவின்படி அங்கே மரணம் நூற்றுக்கு 1.5 இலிருந்து 0.8 ஆயிற்று. நோர்வேயின் இரண்டு ஆஸ்பத்திரிகளில், எந்தப் பிரிவு எப்போது பட்டியலைத் தொடங்குவது என்பதைச் சீட்டுப்போட்டு முடிவுசெய்து கட்டங் கட்டமாகச் சோதித்தார்கள். 2015இல் வெளியான முடிவின்படி சிக்கல்கள் நூற்றுக்கு 19.9 இலிருந்து 11.5 ஆகக் குறைந்தன. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 14 ஆஸ்பத்திரிகள் தாமாக முன்வந்து, ஊழியரைப் பழக்கி, பட்டியலைத் தமக்கேற்பத் திருத்தி, முழுத் திட்டத்தையும் நிறைவேற்றின. 2010இல் நூற்றுக்கு 3.38 ஆக இருந்த மரணம் 2013இல் அங்கே 2.84 ஆயிற்று. அதே காலத்தில் அம்மாநிலத்து ஏனைய ஆஸ்பத்திரிகளில் மரணம் 3.50 இலிருந்து 3.71 ஆக ஏறிற்று.

இவற்றை ஒருங்கே வைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு விடயம் புலனாகும். மேலிடத்துக் கட்டளைக்காகத் தாளிலே அடையாளம் இடப்பட்ட இடத்தில் உயிர் மீளவில்லை. கூடத்தில் நின்றவர்கள் ஒருவரோடொருவர் பேசப் பழகிய இடத்தில் உயிர் மீண்டது. நாமும் அறியாத சங்கதியா இது? இத்தேசத்தில் அடையாளமிடப்பட்ட படிவங்களுக்கு என்றைக்குப் பஞ்சம் இருந்தது?

அடங்கிய குரல்கள்

பட்டியலிலுள்ள ஒரு விதியைச் சிலர் சிரித்துக் கழித்தனர். ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லவேண்டும் என்ற விதியே அது. "நாள்தோறும் ஒன்றாக வேலை செய்பவர்களுக்குள் இது என்ன நாடகம்?" என்றனர். ஆனால் அதன் உட்பொருள் ஆழமானது. ஒருமுறை வாய்திறந்து தன் பெயரைச் சொன்ன இளந்தாதி, பின்னர் தவறொன்றைக் கண்டபோது மீண்டும் வாய்திறக்க அஞ்சமாட்டாள். பெயரில்லாதவளாய்ச் சுவரோரம் நின்றவள் அஞ்சுவாள். பட்டியலின் உண்மையான வேலை, சிறியவரின் நாவை அவிழ்த்து விடுவதாகும்.

பேசியும் கேட்கப்படாத குரல்களின் கதை நீண்டது. 1847ஆம் ஆண்டு வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்னும் இளம் உதவி வைத்தியர் பணியாற்றினார். அங்கே இரண்டு பிரசவ விடுதிகள். மருத்துவிச்சிகள் கவனித்த விடுதியிலும் பார்க்க வைத்தியர்களும் மாணவர்களும் கவனித்த விடுதியிலேயே தாய்மார் அதிகமாக இறந்தனர். பிரேதப் பரிசோதனை செய்த கையோடு வைத்தியர்கள் பிரசவம் பார்க்க வருவதே காரணம் என்று அவர் கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிலே கை கழுவச் செய்தார். ஏப்ரிலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆயிற்று. எனினும் பெரியவர்கள் ஏற்கவில்லை. தங்கள் கைகளே மரணத்தைக் கொண்டுசென்றன என்பதைக் கேட்க அவர்களுக்கு மனமில்லை. 1865இல் அவர் மனநோயாளர் இல்லமொன்றில் இறந்தார்.

அது பழைய கதையெனில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் நடந்தது அண்மைக்காலக் கதை. அங்கே குழந்தைகளுக்குச் செய்யப்பட்ட இருதய சத்திரசிகிச்சைகளில் மரணம் மிகுந்திருப்பதை ஸ்டீபன் பொல்சின் என்னும் மயக்க மருந்து வைத்தியர் கண்டார். கணக்கெடுத்தார். சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். ஆண்டுகள் கடந்தன. பகிரங்க விசாரணை நடந்து 2001இல் அறிக்கை வெளிவந்தபோது, 1991 முதல் 1995 வரை ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 30 தொடக்கம் 35 பேர் வழக்கத்துக்கு மேலதிகமாக அங்கே இறந்தனர் என்பது தெரிந்தது. அறிவித்த வைத்தியரோ அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். அங்கே தீய மனிதர்கள் இருந்ததாக விசாரணைக் குழு கூறவில்லை. அதிகாரம் சிலரின் கையிற் குவிந்திருந்தது. ஏனையோரின் சொல் ஏறவில்லை என்றே கூறிற்று.

கேட்கப்பட்ட குரல் என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம் சாட்சி. பெரிய இரத்தக்குழாயிற் செலுத்தும் குழாய்வழியே கிருமி தொற்றி அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நோயாளர் இறப்பதுண்டு. கை கழுவுதல் முதலாக ஐந்து எளிய விதிகளை பீற்றர் புறொனொவோஸ்ற் என்னும் வைத்தியர் வகுத்தார். அத்துடன், வைத்தியர் ஒரு விதியைத் தவறவிட்டால் அவரை நிறுத்தும் அதிகாரம் தாதிக்கு வழங்கப்பட்டது. நூற்றுக்கு மேற்பட்ட பிரிவுகள் பங்குபற்றின. 2006இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதங்களுக்குள் அவற்றிற் பாதிக்கு மேற்பட்டவற்றில் அத்தகைய தொற்று முற்றாகவே இல்லாமற் போயிற்று. ஐந்து விதிகளும் முன்னரே எல்லோருக்கும் தெரிந்தவைதாம். "நிறுத்துங்கள், ஐயா" என்று சொல்லும் உரிமையே புதிது.

நமது பெரிய குளங்களின்கீழ் காலபோகம் தொடங்குமுன் கூட்டம் கூடுகின்றது. நீர்ப்பாசன எந்திரியும், அதிகாரிகளும், இரண்டு ஏக்கர் வயற்காரரும் ஒரே இடத்திற் கூடி, தண்ணீர் எவ்வளவு, எப்போது திறப்பது, எந்த வாய்க்கால் உடைந்து கிடக்கின்றது என்று பேசி முடிவு செய்கின்றனர். "கடைமடைக்குத் தண்ணீர் வராது, ஐயா" என்று கமக்காரர் எழுந்து சொன்னால் எந்திரியின் கௌரவம் குறைந்துவிடுவதில்லை. சொல்லாமல் இருந்தால் குறைவது விளைச்சலே. கத்தி படுமுன் இரண்டு நிமிட நேரம் நடக்க வேண்டியதும் அத்தகைய கூட்டமே.

கேள்வி எந்த மொழியில்?

மருந்து என்பது நான்கு கூறுடையது என்றார் வள்ளுவர். நோயுற்றவன், தீர்க்கும் வைத்தியன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என நால்வகைப்படுத்தினார். நோயாளியும் பணியாளரும் அக்கணக்கிலே வைத்தியருக்குச் சமமாக எண்ணப்பட்டனர். இன்றைய ஆராய்ச்சி பெரும் பொருள் செலவிட்டுக் கண்டதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை.

பட்டியலின் முதற் கேள்வி நோயாளியிடம் கேட்கப்படும் கேள்வி. அது எந்த மொழியிற் கேட்கப்படுகின்றது? சிங்களம் மட்டும் அறிந்த ஊழியர் நிற்கும் கூடத்தில், தமிழ் மட்டும் அறிந்த தோட்டத் தொழிலாளப் பெண்ணொருத்தி கிடத்தப்படுகின்றாள் என்று வைத்துக்கொள்வோம். "உன் பெயர் என்ன, எந்தப் பக்கம், எந்த மருந்து ஒவ்வாது?" என்று கேட்கிறார்கள். அவள் அச்சத்தில் எல்லாவற்றுக்கும் தலையை அசைக்கிறாள். தாளிலே அடையாளம் இடப்படுகின்றது. அந்த அடையாளத்தின் பெறுமதி என்ன? ஒன்ராறியோவின் தாள்களுக்குள்ள பெறுமதிதானும் அதற்கில்லை. யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியிற் கிடத்தப்படும் சிங்களச் சகோதரர் ஒருவருக்கும் இதே நீதிதான். உயிருக்கு இனமில்லை, ஆனால் கேள்விக்கு மொழியுண்டு.

தமிழும் அரசகரும மொழியாகும் என்று அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. பெயர்ப்பலகையிலும் படிவத்திலும் அந்த உரிமையைத் தேடி அலைகின்றோம். அதனைத் தேடவேண்டிய முதலிடம் சத்திரசிகிச்சைக் கூடத்தின் வாசல் என்பதே நமது கருத்து. பிழையாக எழுதிய கடிதத்தைத் திருப்பி எழுதலாம். பிழையாக வெட்டிய உறுப்பை ஒட்ட முடியாது.

தமிழிலே சத்திர வைத்தியத்தைப் பேச இயலாதென்று எவரேனும் கூறின், அவர் மானிப்பாய்க்குச் சென்று வரலாற்றைக் கேட்கட்டும். வியன்னாவில் செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே 1847ஆம் ஆண்டிலேதான் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கினார். மேல்நாட்டு வைத்தியத்தைத் தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே கற்பித்தார். லிஸ்டர் என்னும் பேரறிஞர் காயங்களைக் கிருமியினின்று காக்கும் தமது முறையை உலகுக்கு அறிவித்த 1867ஆம் ஆண்டிலேயே, கிறீன் வைத்தியரின் 'இரண வைத்தியம்' என்னும் சத்திர வைத்திய நூல் தமிழில் அச்சேறியது. ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் ஒரு நூலையே தமிழிற் சொல்ல முடிந்ததென்றால், 19 வினாக்களைத் தமிழிற் கேட்க இன்று முடியாதா?

நாம் வேண்டுவன

நமது வைத்தியரின் சிரமத்தை அறியாமல் நாம் எழுதவில்லை. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டுச் சென்றனர். எஞ்சியவர்கள் இருவர் செய்யும் வேலையை ஒருவராய்ச் செய்கின்றனர். காசு வாங்காமல் சிகிச்சையளிக்கும் நமது அரசாங்க ஆஸ்பத்திரிகள் ஏழைகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. அவற்றைத் தூற்றுவார் தூற்றட்டும்; நாம் தூற்றோம். ஆனால் ஆட்குறைவு இந்தப் பட்டியலுக்கு எதிரான வாதமாகாது. களைத்த மனிதனே அதிகம் மறப்பான். ஆகவே அதிகம் களைத்த தேசத்துக்கே பட்டியல் அதிகம் வேண்டும். இபகாராவில் முடிந்தது இங்கு முடியாதா?

முதலாவதாக, சத்திரசிகிச்சை நடக்கும் ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், அரசாங்கத்தினுடையதாயினும் தனியாருடையதாயினும், இப்பட்டியல் வாய்விட்டுப் பேசப்பட வேண்டும். நோயாளியிடம் கேட்கும் பகுதி நோயாளியின் மொழியிலேயே கேட்கப்பட வேண்டும். அதற்குப் பயிற்றப்பட்ட மொழிபெயர்ப்பாளர் இரவிலும் பகலிலும் இருக்க வேண்டும். விடுதி கூட்டும் தொழிலாளியை அவசரத்துக்கு அழைத்து மொழிபெயர்க்கச் சொல்வது நோயாளிக்கும் அநீதி, அத்தொழிலாளிக்கும் அநீதி.

இரண்டாவதாக, தவறு கண்டவிடத்து வேலையை நிறுத்தும் உரிமை தாதிக்கும் சிற்றூழியருக்கும் எழுத்தில் வழங்கப்பட வேண்டும். அவ்வுரிமையைப் பயன்படுத்தியவர் இடமாற்றத்தால் தண்டிக்கப்படலாகாது.

மூன்றாவதாக, ஒவ்வோர் ஆஸ்பத்திரியும் தனது மரணங்களையும் சிக்கல்களையும் எண்ணி ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். எண்ணாதவன் திருந்தமாட்டான். கணக்கெடுத்ததனாலேயே செம்மல்வைஸ் கண்டார். கணக்கெடுத்ததனாலேயே பொல்சின் கண்டார். ஆனால் அக்கணக்கு, அகப்பட்ட ஒரு வைத்தியரைப் பிடித்து ஊருக்குக் காட்டும் கருவியாகிவிடக் கூடாது. அவ்வாறானால் அடுத்த ஆண்டு கணக்கே பொய்யாகும்.

நான்காவது கடமை மக்களாகிய நம்முடையது. ஆஸ்பத்திரியில் வைத்தியரைக் கண்டதும் தோளிலிருந்த சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு, "எல்லாம் ஐயாவுக்குத் தெரியும்" என்று வாய்மூடி நிற்கும் வழக்கத்தை நாம் விட்டொழிக்க வேண்டும். ஒருவருக்கு ஒவ்வாத மருந்தை ஐயா எப்படி அறிவார்? நோயாளிதான் சொல்லவேண்டும். எந்தப் பக்கம் என்று கேட்டால் தெளிவாகச் சொல்லவேண்டும். கேட்காவிட்டால், கேட்கும்படி பணிவாகச் சொல்லவேண்டும். மரியாதை வேறு, மௌனம் வேறு. பிழை நேர்ந்துவிட்டால் ஆஸ்பத்திரிக் கண்ணாடியை உடைப்பதும் வைத்தியரைத் தாக்குவதும் எந்த உயிரையும் மீட்பதில்லை. பேச வேண்டிய வேளையிற் பேசாத சமூகமே பேசக்கூடாத வேளையிற் கூச்சலிடும்.

இறுதியாக வைத்தியப் பெருமக்களுக்கு ஒரு வார்த்தை. எட்டு நகரங்களின் ஆராய்ச்சி முடிந்தபின் 250க்கு மேற்பட்ட வைத்தியர்களிடமும் தாதியரிடமும் அபிப்பிராயம் கேட்டார்கள். ஐவரில் ஒருவர், பட்டியல் எளிதன்று, நேரத்தைத் தின்கிறது, பயனைக் காணோம் என்றனர். பின்னர் வேறொரு கேள்வி கேட்டார்கள். "நீங்களே நோயாளியாக மேசையிற் கிடந்தால் இந்தப் பட்டியலைப் பயன்படுத்த விரும்புவீர்களா?" நூற்றுக்கு 93 பேர், விரும்புவோம் என்றனர்.

தமக்கு வேண்டுமென்று அவர்கள் விரும்பியதை, வன்னியிலிருந்து பஸ் ஏறிவரும் கமக்காரனுக்கும், மலைநாட்டிலிருந்து வரும் தாய்க்கும் வழங்கவேண்டும் என்றே நாம் கேட்கின்றோம். வேறு சலுகை எதனையும் நாம் கேட்கவில்லை. கத்தி எடுக்குமுன் ஒரு கேள்வி. அது அவனுக்கு விளங்கும் மொழியில். அவன் விடை கூறும்வரை இரண்டு நிமிடப் பொறுமை. அந்த இரண்டு நிமிடங்களைக் கொடுக்க மறுக்கும் ஆஸ்பத்திரி, அவனிடமிருந்து பல்லாண்டுகளைப் பறித்துவிடக் கூடும்.